காதோரம் ஒரு வெள்ளரித் துண்டு

மெத்தைக் கடைக்காரர் ஒருவர் கடைசி நேரத்தில் விளம்பரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டதுதான் இத்தனை வினைக்கும் காரணம். நாளிதழின் எட்டாம் பக்கத்தில் நாலு வரி அளவுக்கு ஓட்டை விழுந்தது. பக்கம் வடிவமைக்கும் தம்பிக்கோ வீட்டுக்குப் போகும் அவசரம். தின்றுகொண்டிருந்த வெள்ளரிக்காயைப் பார்த்தான். "இடது காதின் பின்னால் வெள்ளரித் துண்டு வைத்தால் ரத்த அழுத்தம் குறையும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்" என்று தட்டி ஓட்டையை அடைத்துவிட்டுக் கிளம்பினான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினால், திறந்த அண்ணனின் காதோரம் பச்சையாக ஏதோ தெரிந்தது.

"மாத்திரையை நிறுத்தி நாலு நாளாச்சுடா" என்றார் பெருமையாக.

அப்பாவைக் கொண்டுபோனதும் இதே அழுத்தம்தான். இருப்பதோ ஒரே அண்ணன்.

"அண்ணே, அதை எழுதுனதே நான்தான். சும்மா இடத்தை நிரப்ப எழுதுனேன்."

"ஆய்வாளர்கள்னு போட்டிருக்கே. நீ ஆய்வாளரா?"

"இல்லண்ணே."

"அப்ப உன் பேச்சை நான் எதுக்குக் கேக்கணும்?"

அடுக்களையிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தாள். "எந்த ஆய்வாளர், எத்தனை பேருக்கு வச்சுப் பாத்தாங்கன்னு நானும் கேட்டேன். சந்தேகப்பட்டா வேலை செய்யாதாம்."

மறுநாள் நாளிதழ் ஆசிரியரிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சி மறுப்பு போட்டான். விடிந்ததும் அண்ணனே போனில் கூப்பிட்டார்.

"பாத்தியா, மறுக்கிறாங்க! மாத்திரை கம்பெனிக்காரன் ஆடிப்போயிட்டான்டா!" அன்றிலிருந்து இரண்டு காதிலும் துண்டு.

உண்மையைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன தம்பி, வெட்கத்தை விட்டு இன்னும் நாலு வரி எழுதினான்: "மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுபவர்களுக்கு மட்டுமே வெள்ளரி வேலை செய்யும் என்கிறார்கள் மூத்த ஆய்வாளர்கள்." அந்த 'மூத்த' என்ற சொல்லுக்கு மனிதர் மடங்கிவிட்டார். அன்றே மாத்திரை உள்ளே போனது.

மூன்று வாரம் கழித்து அண்ணனை மருத்துவமனைக்கு அழைத்துப் போனான். நர்ஸ் அண்ணனின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நல்லா குறைஞ்சிருக்கே! என்ன பண்ணீங்க?"

அண்ணன் காதைத் தொட்டுக் காட்டினார்.

"மாத்திரைங்க! மாத்திரையாலதான் குறைஞ்சுது!" என்று தம்பி கத்திய கத்தலில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

"நீங்க ஏன் சார் இப்படிக் கத்துறீங்க? உக்காருங்க, கையை நீட்டுங்க."

பட்டை இறுகித் தளர்ந்தது. நர்ஸின் சிரிப்பு காணாமல் போனது. "உங்களுக்கு ரொம்ப அதிகமா இருக்கு. டாக்டரைப் பாக்காம போகாதீங்க."

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் இடது காதிலிருந்த துண்டை எடுத்து, தம்பியின் காதுக்குப் பின்னால் செருகினார்.

"வச்சுக்கடா. எனக்கு இன்னொன்னு இருக்கு."

பிடுங்கி எறியத்தான் தம்பி கையைத் தூக்கினான். அண்ணனின் முகத்தைப் பார்த்தான். தூக்கிய கையால் துண்டு விழாமல் பிடித்துக்கொண்டு, மாத்திரை எழுதி வாங்க டாக்டர் அறைக்குள் போனான்.