நஸ்ஸுனா பேசிய சிடி

லுக்காயா ரோட்டோரத்தில், டிவியில் சிடி போட்டுப் படம் காட்டும் கொட்டகை நடத்துகிறவள் நான். இரட்டைப் பிள்ளை பெற்றதால் ஊரே என்னை நாலோங்கோ என்றுதான் கூப்பிடும். வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். ஒரு கொட்டகை ஆம்பளைகளைத் தினமும் அடக்கி உட்கார வைக்கிறவளுக்கு வாய் வேறு எப்படி இருக்கும்?

அன்று காலை, முதல் காட்சிக்கு ஆள் வருவதற்கு முன்னால், யுனியா உள்ளே வந்தாள். என் வாசலில் அடுப்புப் போட்டு வாழைப்பழம் சுட்டு, கம்பாலா பஸ் நின்றால் ஜன்னல் ஜன்னலாக ஓடி விற்கிறவள். இத்தனை வருஷமாக வாசலில் இருந்தும் ஒரு படம் பார்த்ததில்லை. பஸ் வந்துவிடுமே என்ற பயம் அவளுக்கு. அன்றைக்கு அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, கையில் ஒரு சிடியோடு நின்றாள்.

அவள் மகள் நஸ்ஸுனா வீட்டு வேலைக்கு அரபு நாடு போனவள். மழைக்காலத்துக்கு முன்பிருந்தே போன் இல்லை. அனுப்பி வைத்த ஏஜென்சியின் வாசலில் யுனியா போய்ப் போய் உட்கார்ந்திருக்கிறாள். கடைசியில், "உன் பொண்ணு இதுல பேசியிருக்கா. பாத்துட்டு வீட்டுல கெட, இனி இந்தப் பக்கம் வராத" என்று இந்த சிடியைக் கையில் திணித்து அனுப்பிவிட்டார்களாம்.

பிளேயரில் போட்டேன். திரை நிறைய நஸ்ஸுனாவின் முகம். தலையில் கறுப்புத் துணி, கன்னம் வற்றியிருந்தது. யுனியா திரையைத் தொடப் போனாள். அதற்குள் பெண் பேச ஆரம்பித்தாள். அத்தனையும் அரபி.

"நாலோங்கோ, பாஷைய மாத்து" என்றாள் யுனியா.

"எந்த பாஷைக்கு?"

"நம்ம பாஷைக்குத்தான். உன் பெட்டியில சீனாக்காரன்கூட லுகாண்டா பேசுறானே, தினம் வாசல்ல நின்னு கேக்குறேன். இவ என் வயித்துல பொறந்தவ. இவளுக்கு வராதா?"

மூலையில் முட்டைச் சப்பாத்தி தின்றுகொண்டிருந்த கலுங்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் முறைத்ததும் வாயை மூடிக்கொண்டான். எங்கள் கொட்டகையில் வாய்ப்பேச்சு எல்லாம் அவன்தான். மைக்கைப் பிடித்து உட்கார்ந்தால் எந்த நாட்டுப் படத்துக்கும் லுகாண்டாவில் பேசிக்கொண்டே போவான்.

வெறுமனே சொன்னால் யுனியா நம்ப மாட்டாள். ரிமோட்டை எடுத்து, மொழி என்று இருக்கிற இடத்தைத் திறந்து காட்டினேன். இங்கிலீஷ், பிரெஞ்சு, ரஷ்யன், சீனம். பிரெஞ்சை அழுத்தினேன். அந்தப் பட்டியலின் எழுத்துகள் மாறின. நஸ்ஸுனா அரபியிலேயே பேசிக்கொண்டிருந்தாள்.

"பெட்டி தன்னோட எழுத்தத்தான் மாத்திக்கும்க்கா. ஆளோட பேச்ச மாத்தாது."

"அப்ப அந்தச் சீனாக்காரன்?"

"அது இந்தக் கடன்காரன்" என்று கலுங்கியைக் காட்டினேன்.

யுனியா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ராணி ஒருத்தி அழுவாளே, அவ?"

"அதுவும் நான்தாம்மா."

"அப்ப இவளையும் நீயே பேசு."

"எனக்கு அரபி தெரியாதும்மா."

"சீனம் தெரியுமா?"

கலுங்கி தலையைச் சொறிந்தான். "இவ விஷயத்துல நீயா எதையாவது அவுத்து விட்ட, பல்லக் கழட்டிருவேன்" என்றேன் நான்.

எதற்கும் இருக்கட்டும் என்று சப்டைட்டில் பொத்தானை அழுத்தினேன். அடியில் இங்கிலீஷ் எழுத்து ஓடியது. ஏதோ ஆபீஸில் காட்டுவதற்காகச் செய்து வைத்திருக்கிறார்கள் போல. கலுங்கி ஸ்கூல் படித்தவன். கையைத் துடைத்துக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்து, மைக் இல்லாமல், மெதுவாகச் சொன்னான்.

"நல்லா இருக்கேங்குறா. சம்பளம் எல்லாம் குடுத்துட்டாங்களாம். இஷ்டப்பட்டுத்தான் இங்க இருக்காளாம். யாரும் அடிக்கலையாம்."

யுனியா பெஞ்சில் உட்கார்ந்தாள். நெஞ்சில் வைத்த கையை எடுக்காமலே சிரித்தாள். "நான் கண்டதையும் நெனச்சு ராத்திரியெல்லாம் செத்தேன் நாலோங்கோ. சம்பளம் வாங்கிட்டாளாம்." பிறகு முகம் மாறியது. "ஆமா, அடிச்சாங்களான்னு அவகிட்ட யாரு கேட்டா?"

"தெரியலம்மா. இந்த வரி ரெண்டு ஓரத்துலயும் வெட்டுப்படுது" என்றான் கலுங்கி.

அந்த வெட்டு நான் செய்த வேலை. என்னுடையது பழைய கனத்த டிவி. முழுப் படத்தையும் காட்டினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். அதற்கு என் கஸ்டமர்கள், "அரைத் திரைக்கு அரைக் காசுதான்" என்று சண்டைக்கு வருவார்கள். அதனால் இரண்டு பக்கமும் வெட்டிப் பெரிதாக்கி வைத்திருந்தேன். எழுத்து முழுசாகத் தெரியட்டுமே என்று திரை அமைப்புக்குப் போய் மாற்றினேன். அந்த ரிமோட்டை அப்போதே ரோட்டில் வீசியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

படம் சின்னதாயிற்று. ஓரங்கள் வந்தன. இடது ஓரத்தில் ஒரு கை. ஆம்பளைக் கை, வெள்ளைச் சட்டை, மணிக்கட்டு வரைதான் தெரிந்தது. அது நஸ்ஸுனாவின் மேல்கையைப் பிடித்திருந்தது. அவள் பேச்சை நிறுத்தும்போது விரல்கள் இறுகின. உடனே அடுத்த வரியைச் சொன்னாள்.

அடியில் எழுத்து முழுசாக ஓடிக்கொண்டிருந்தது. கலுங்கி படிக்கவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை.

வாசலில் பஸ் ஹாரன் அடித்தது. யுனியா திரும்பவில்லை.

"நாலோங்கோ, அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் காட்டு. யாருன்னு பாக்கணும்."

அடுத்ததை அழுத்தினேன். பெண்ணின் முகம் நீளமாக இழுபட்டது. கையும் நீண்டது. மணிக்கட்டுக்கு மேல் ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். வெட்டின படமே திரும்பி வந்தது. திரை நிறைய முகம், கை இல்லை.

"இவ்வளவுதான்க்கா. மூணுதான் இருக்கு இதுல."

"இருக்கும் பாரு. இன்னொண்ணு இருக்கும். அழுத்து."

போலீஸுக்குப் போகலாம் என்று சொல்ல நினைத்தேன். எந்த ஊர்ப் போலீஸ்? இங்கே இருப்பவன் ஏஜென்சிக்காரனோடு உட்கார்ந்து பீர் குடிக்கிறவன். அங்கே இருப்பவனின் பாஷைகூட எங்களுக்குத் தெரியாது.

"அழுத்து நாலோங்கோ" என்றாள்.

அழுத்தினேன். கை வந்தது. அழுத்தினேன், முகம் நீண்டது. அழுத்தினேன், கை போயிற்று. அவள் பெஞ்சை விட்டு எழுந்துபோய், டிவியின் இடது பக்கத்தில் கன்னத்தை ஒட்டி, அந்தப் பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.