ஷிப்ட் மாறுகிற நேரம்

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நானும் என் வீட்டுக்காரர் அந்தோணிராஜும் அதிகம் பேசிக்கொண்டது சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில்தான். அதுவும் நின்றுகொண்டே. அவருக்கு ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. எனக்கு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி. அவருடைய கம்பெனி பஸ் முதல் ஷிப்ட்டை இறக்கிவிடும், என்னுடையது இரண்டாம் ஷிப்ட்டை ஏற்றிக்கொள்ளும். நடுவில் கிடைக்கிற பத்து நிமிஷம்தான் எங்கள் குடும்ப வாழ்க்கை. வழியில் ஒரு கன்டெய்னர் லாரி குறுக்கே நின்றால் அதுவும் போச்சு.

"சாப்ட்டாச்சு. மாத்திரை போட்டாச்சு. காலைல கொஞ்சம் அழுகை. இப்ப படுத்திருக்காங்க."

நான் சொல்ல, அவர் தலையாட்ட, சிவப்பு நூல் சுற்றிய சாவி என் கையிலிருந்து அவர் கைக்குப் போகும். அடுத்த வாரம் ஷிப்ட் மாறினால் அவர் சொல்வார், நான் தலையாட்டுவேன். லைனில் எனக்கு மெஷினை ஒப்படைத்துவிட்டுப் போகிற பெண்கூட இதைவிட நாலு வார்த்தை கூடுதலாகப் பேசுவாள்.

சாவி மருந்துப் பெட்டியுடையது. மைனி ஒருமுறை ஒரு அட்டை மாத்திரையை மொத்தமாக விழுங்கியதிலிருந்து அந்தத் தகரப் பெட்டிக்குப் பூட்டு. மைனி என்றால் இவருடைய அக்கா, லூர்தம்மாள். நர்சிங் படித்துக்கொண்டிருந்தபோது நோய் வந்தது. மருத்துவச் சீட்டில் 'மனச்சிதைவு' என்று எழுதியிருப்பதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். சிதைந்த ஆளா மைனி? தேங்காய் துருவினால் சிரட்டையில் ஒரு பொட்டு வெள்ளை மிஞ்சாது. காதுக்குள் மட்டும் யாரோ ஒரு சார் உட்கார்ந்துகொண்டு வருகைப் பதிவு எடுப்பார். அவர் கூப்பிடும்போதெல்லாம் மைனி "உள்ளேன் ஐயா" என்று சொல்லியாக வேண்டும். சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார், குளித்துக்கொண்டே சொல்வார். தூத்துக்குடிப் பக்கம் ஊரில் மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு, மைனி எங்கள் ஒற்றை அறைக்கு வந்துவிட்டார்.

அன்றிலிருந்து எதிர் ஷிப்ட். நான் போய்க் கேட்டபோது சூப்பர்வைசர் கோதண்டராமன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லா ஜோடியும் ஒரே ஷிப்ட்டு கேக்கும். நீ இன்னாம்மா புருஷனுக்கு எதிர் ஷிப்ட்டு கேக்குற? சண்டையா?"

"சண்டை போடணும்னாலும் ஒண்ணா இருக்கணும்லா சார்," என்றேன்.

அவர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் ஒரே அறையில் நாங்கள் இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பேசினால் மைனியின் முகம் மாறும். சிரித்துவிட்டால் கேட்கவே வேண்டாம், தன்னைத்தான் கேலி செய்கிறோம் என்று சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிடுவார், அன்றைக்குச் சோறு இறங்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் செய்தி வாசிப்பவர்கள் மாதிரி சத்தமாக, முகத்தை வைத்துக்கொண்டு, விலைவாசியைப் பற்றிப் பேசுவோம்.

நான் அந்தோணியைக் கட்டியதே அவர் பேச்சுக்காகத்தான். நிறம், சம்பளம், உயரம் எதையும் நான் பார்க்கவில்லை. தெரிந்தவர் வீட்டு விசேஷத்தில் அவர் ஒரு கேன்டீன்காரர் சோற்றை அள்ளி வைக்கிற மாதிரி செய்து காட்டியதில் எனக்குப் புரை ஏறிவிட்டது. அந்த ஆள் எங்கே போனார்? தினமும் பார்க்கிறேன், தொடுகிறேன், சாவி கொடுக்கிறேன். அப்படியிருந்தும் அவருக்காக ஏங்கிக் கிடந்தேன். கண்ணெதிரே இருக்கிற ஆளுக்காக ஏங்குவதை யாரிடம் போய்ச் சொல்ல?

சொல்லும்படி ஆயிற்று. மைனிக்கு மாதம் ஒரு ஊசி போடுகிற இடத்துக்கு ஒரு ஆய்வுக்குழு வந்தது. நோயாளிகளைக் கவனித்துக்கொள்கிறவர்கள் எவ்வளவு பாரம் சுமக்கிறார்கள், அவர்களுக்கு ஓய்வு கொடுத்தால் அது குறைகிறதா என்று பார்க்கிறார்களாம். கவியா என்ற பெண் எங்கள் அறைக்கே வந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"உங்களுக்குன்னு நேரம் கிடைக்குதாக்கா? எப்பவும், சில சமயம், எப்பவுமே இல்ல, இதுல ஒண்ணு சொல்லுங்க."

"பஸ் நிக்கிற நேரம் கிடைக்குது. அது இதுல எங்க வருது?"

கவியா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். மைனி அப்போது வெளியே குழாயடியில் இருந்தார்.

அடுத்த மாதம் கவியா போன் செய்தாள். கம்ப்யூட்டர் குலுக்கலில் ஓய்வு கிடைக்கிற குடும்பங்களில் நாங்களும் வந்திருந்தோம். மணிமங்கலத்தில் பகல்நேர மையம், காலையில் வேன் வந்து மைனியைக் கூட்டிப்போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து விடும்.

"ஆனா ஒரே ஒரு நாள்தான்க்கா. அதுக்கப்புறம் இதே கேள்விய திருப்பிக் கேப்போம்."

ஒரு நாள் போதும் என்றுதான் நினைத்தேன். ஒரு பகல் முழுக்க அவர் பேசுவார், நான் வாய்விட்டுச் சிரிப்பேன், சுவர்ப் பக்கம் யாரும் திரும்பமாட்டார்கள். இரண்டு பேரும் லீவு போட்டோம். நான் பிரியாணிக்குச் சீரகச் சம்பா வாங்கி வைத்தேன். தலைக்குக் குளித்தேன். புதுப் பெண் கெட்டாள் போங்கள்.

வேன் போனது. கதவைச் சாத்திக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"அக்கா மாத்திரை போட்டுதா?" என்றார்.

"போட்டாச்சு."

"நல்லாத் தூங்குச்சா?"

"தூங்குனாங்க."

அவ்வளவுதான். தலையாட்டினார். நானும் ஆட்டினேன். அவர் செல்போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். நான் வெங்காயம் நறுக்கப் போனேன். திரும்பி வந்தால் மனுஷர் சுவரில் சாய்ந்தபடி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கரண்டியை ஓங்கி வைத்தேன், அசையவில்லை. எத்தனை மாதத் தூக்கமோ என்று பார்த்தால் பாவமாகவும் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். தோளில் தலை வைத்தது நினைவிருக்கிறது.

விழித்தபோது ஷிப்ட் மாறுகிற நேரம். யாரும் எழுப்பவில்லை, உடம்புக்கே பழகிவிட்டது. அவரும் எழுந்துவிட்டார். சட்டையை மாட்டினார், நான் செருப்பைப் போட்டேன். வாசலில் நின்று அவர் கையை நீட்டினார், நான் சாவியை வைத்தேன்.

அப்புறம்தான் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"ஏட்டி, நாம எங்க போறோம்?" என்றார்.

அறையில் உட்கார இரண்டு பேருக்கும் பயமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பஸ் நிறுத்தத்துக்கே போனோம். முதல் தடவையாக அங்கே இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்தோம். அவருடைய பஸ் வந்து ஆட்களை இறக்கியது. என்னுடைய பஸ் ஏற்றிக்கொண்டு போனது. ஜன்னலிலிருந்து என் லைன் பெண்கள் கை காட்டிக் கத்தினார்கள். இரண்டு பஸ்ஸும் போன பிறகும் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

"இந்த கோதண்டராமன்," என்று ஆரம்பித்தார் அந்தோணி, "ஒருநாள் ஒங்க கம்பெனி கேட்ல என்னைப் பாத்து, நீதான் அந்த எதிர் ஷிப்ட்டான்னு கேட்டாரு, தெரியுமா?" எழுந்து நின்று, வயிற்றைத் தள்ளி, இல்லாத கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அந்த மேலும் கீழுமான பார்வையை அப்படியே செய்து காட்டினார். என் ஆள் திரும்பி வந்துவிட்டார். டீக்கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சாயங்காலம் வந்துவிடுமே என்று அவர் செல்போனில் மணி பார்த்தேன்.

பிரியாணி சாயங்காலம்தான் ஆயிற்று. தம் போட்டு இறக்கும்போது வேன் வந்தது. வீட்டுக்காரம்மா செங்கமலம் கேட்டைத் திறந்துவிட்டு, "இன்னா லூர்து, நல்லாக் கீறியா?" என்றார். மைனி அவரைக் கவனிக்காமல் எங்கள் முன்னால் வந்து நேராக நின்றார்.

"சாப்ட்டாச்சு. மாத்திரை போட்டாச்சு. அழுகை இல்ல. மத்தியானம் கொஞ்சம் தூக்கம்."

"யாரு மைனி இப்படிச் சொல்லச் சொன்னா?"

"ஷிப்ட்டு முடிஞ்சா சொல்லணும்லா. இன்னைக்கு என்னைய நாந்தான் பாத்துக்கிட்டேன்." கையை நீட்டினார்.

வீடு திரும்பியதும் அவர் சாவியைத் திருப்பிக் கொடுத்திருந்தார், அப்போது அது என்னிடம் இருந்தது. கொடுக்கக் கூடாது என்று நான் நினைக்கக்கூட இல்லை, விரல்கள் தானாக மூடிக்கொண்டன. மைனி அதைப் பார்த்தார். கையை மெதுவாக இறக்கிச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"சாவி உங்கிட்டயே இருக்கட்டும். அது சரிதான்." பிறகு தம்பியைப் பார்த்தார். "ஏல அந்தோணி, ரெண்டு பேரும் சிரிச்சியளா?"

"சிரிச்சோம்க்கா. பஸ் ஸ்டாப்புல."

"என்னைப் பத்தியா?"

"இல்லக்கா. அவ சூப்பர்வைசரைப் பத்தி."

"தெரியும். வீட்டுல சிரிச்சா மட்டும் என்னைப் பத்தின்னு தோணும். தப்புன்னு தெரியும், ஆனாலும் தோணுறது நிக்க மாட்டேங்கு." எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "தினமும் நீங்க ரெண்டு பேரும் அங்க நிக்கையில, இங்க என்னைய யாரு பாத்துக்கிடுறா?"

"செங்கமலம் அக்காகிட்டச் சொல்லிட்டுத்தானே போறேன் மைனி."

"அது சீரியலைப் போட்டுட்டுக் குறட்டை விடும். நாந்தான் பாத்துக்கிடுதேன். கட்டில்ல ஆடாம இருப்பேன். அந்நேரம் சார் பேர் கூப்பிட்டாலும் பதில் சொல்லமாட்டேன். டூட்டியில இருக்கேன்லா."

செங்கமலம் கேட்டைச் சாத்திக்கொண்டு மெதுவாக உள்ளே போனார். அந்தோணி தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பத்து நிமிஷத்தை பஸ்தான் எங்களுக்குத் தருகிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மைனி என் பக்கத்தில் வந்து, சாவியை மூடியிருந்த என் கையின் மேல் லேசாகத் தட்டினார்.

"என் டூட்டியைக் கொஞ்சம் நீட்டிக் குடு பிரவீனா," என்றார். "ஓ.டி. போடுவாங்கல்லா, அது மாதிரி."