பூவரசுக்கு ஊற்றிய குடம்

எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் மேட்டில் செம்மண் பரப்பிக் கன்று நட்ட மூன்றாம் வருஷம், தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தச் சொன்னார்கள். கோடை முழுக்க மரம் தானாக நின்றால்தான் நட்டது தேறியதாக அர்த்தம். ஒரு மூலை தேறாவிட்டாலும் மொத்தத்தையும் பெயர்த்துவிட்டு மறுபடி மண் கொட்டுவார்கள். அத்தனை நாளும் தெருவுக்குள் சாம்பல் பறக்கும். முன்பு அந்தச் சாம்பலைச் சோற்றோடு தின்றவள் செங்கொடி. இப்போது மேட்டுக்குக் காவல் அவள்தான். கேட் சாவி அவள் முந்தானையில்தான்.

பாவம், அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தென்மூலைப் பூவரசுகள் இலை தொங்கின. தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தால் எல்லாரும் குடத்தை வீட்டுக்குத் தூக்கினார்கள். இவள் ஒன்றை வீட்டில் வைத்துவிட்டு மற்றதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மேட்டுக்கு நடந்தாள். தலைக்கு ஊற்றிக்கொள்ளத் தண்ணீர் மிஞ்சாது. அதனால் என்ன, பூவரசு நிமிர்ந்ததே.

பார்வையிட வந்த அதிகாரி எழில்மொழி புளியந்தோப்புப் பெண். மேடெல்லாம் புங்கமரங்கள் இளைத்து நிற்க, பூவரசு மட்டும் கல்யாணப் பெண் மாதிரி மினுமினுத்தது. அவள் நேராக அங்கேதான் போனாள். குந்தி உட்கார்ந்து, மரத்தின் அடியில் பதமாகத் தோண்டினாள்.

"இன்னாக்கா, இதுக்கு மட்டும் தனியா மழ பேஞ்சுதா?"

"இந்தப் பக்கம் பனி எறங்கும் மேடம்."

"சித்திரையிலயா?"

எழில்மொழி தோண்டிய இடத்தைக் காட்டினாள்.

"வேரப் பாருக்கா. மேலாலயே படுத்துகினு கீது. தெனம் வாயாண்ட தண்ணி வந்தா அது எதுக்குக் கீழ எறங்கும்? புங்கம் எளச்சாலும் ஆழத்துக்குப் பூட்ச்சு."

"அப்போ பேத்துடுவீங்களா?"

எழில்மொழி வேரை மண்போட்டு மூடினாள். "இன்னிக்கு எழுதுனா பேக்கத்தான் சொல்லணும். ஆடி பொறந்ததும் இன்னொரு தபா வரேன். அதுக்கு மேல தள்ளிப்போட என்னால முடியாது. அதுவரிக்கும் ஒரு சொட்டு வுடாத."

"செத்துப் பூட்டா?"

"அத்தத்தான் எழுதுவேன்."

மறுநாள் லாரி வந்தது. செங்கொடி குடத்தை நிரப்பினாள். கால் தானாக மேட்டுப் பக்கம் திரும்பியது. பாதி வழியில் நின்றாள். குடத்தோடு திரும்பி, பக்கத்து வீட்டு ரோசியிடம் போய் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"இந்தா, கேட் சாவி. காவலுக்கு நான் வெளியவே குந்திக்கிறேன். கேட்டாலும் குடுக்காத."

"அழுதா?"

"அழுதாலும்."

ரோசி சாவியை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினாள். செங்கொடி வீட்டுக்குப் போய், அந்தக் குடத்துத் தண்ணீரை வெகுநாள் கழித்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். கூந்தல் காய்வதற்குள் மறுபடி ரோசியின் வாசலில் நின்றாள்.

"இன்னாக்கா?"

"ஒண்ணுமில்ல. டிரம்மு மூடி சரியா கீதான்னு பாக்க வந்தேன்."

ரோசி டிரம்மின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.