மூடாத கிணறு

அலர்மேல்மங்கையின் புருஷன் தேசிகன் நகரசபைத் தலைவர். சும்மா சொல்லக்கூடாது, பேசினால் எதிராளியும் தலையாட்டிவிடுவான். குமாஸ்தாவாக நுழைந்து, கவுன்சிலராகி, தலைவர் நாற்காலி வரைக்கும் பேச்சாலேயே ஏறியவர். பெங்களூருக்குக் குழாய்த் தண்ணீர் வந்த வருஷம், குழாய்க்குள்ளே தோல் வளையம் இருக்கிறது, அந்தத் தண்ணீர் பட்டாலே தீட்டு என்று ஆசாரக்காரர்கள் தாம்தூமென்று குதித்தார்கள். இவர் தெருத் தெருவாகப் போய், குழாயடியில் நின்று, எல்லார் கண்ணுக்கும் முன்னால் கையேந்திக் குடித்தார். வாந்திபேதி பரவியதும் வீட்டுக் கிணறுகளை மூட உத்தரவு போட்டார். அழுதார்கள், மண்ணை வாரித் தூற்றினார்கள். மனிதர் அசையவில்லையே! அத்தனையையும் மூடினார்.

தம் வீட்டுக் கிணற்றை மட்டும் மூடவில்லை.

“பெருமாள் தளிகைக்குத் தோல் பட்ட தீர்த்தமா? என் உசிர் இருக்கிறவரைக்கும் நடக்காது, சொல்லிட்டேன்!” என்று அலர்மேல்மங்கை கண்ணைக் கசக்கினாள்.

“சரி, உன் இஷ்டம்” என்றார் அவர்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளிடம் அவர் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. அவளுக்கு அதில் கொள்ளைப் பெருமை. “ஊருக்குத்தான் அவர் தலைவர், ஆத்துக்கு நான்” என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

ஆவணி மாதம் கோமளத்துக்கு வாந்திபேதி கண்டது. எட்டு வயசு, ஒரே பெண். விடிந்ததிலிருந்து வாந்தி நிற்கவில்லை. டாக்டர் சுப்ரமணியன் வந்து நாடி பார்த்தார்.

“எந்தத் தண்ணிம்மா குடுத்தீங்க?”

“கிணத்துத் தண்ணிதான்.”

டாக்டர் திரும்பித் தேசிகனைப் பார்த்தார். “ஊர்க் கிணத்தையெல்லாம் மூடினீங்களே, சார்” என்றார்.

“அம்மா, தீர்த்தம், அம்மா, தீர்த்தம்” என்று குழந்தை கேட்டுக்கொண்டே கிடந்தது. விளக்கு வைக்கும் முன்னால் அடங்கிவிட்டது.

காரியங்கள் முடிந்த மறுநாள் தேசிகன் ராஜினாமா எழுதி அனுப்பினார். கொல்லைக் கிணற்றை மூட ஆட்கள் வந்தார்கள். அலர்மேல்மங்கை குடத்தை எடுத்துக்கொண்டு, தெருவே பார்த்து நிற்க, குழாயடிக்குப் போனாள். நிறையப் பிடித்துவந்து அவர் காலடியில் வைத்தாள்.

“இதோ, கொண்டுவந்துட்டேன். வானம் ஒண்ணும் இடிஞ்சு விழலை.”

அவர் நிமிரவில்லை.

“யார் அழுதா என்னன்னு ஊரையே அதட்டினேளே! என்னை ஒரு தரம், ஒரே ஒரு தரம் அதட்டியிருக்கப்படாதா?”

“நீ அழுதா எனக்குத் தாங்காது, அலமு” என்றார் தேசிகன்.

அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள்.