சோலை கேட்ட குட்டிக்கோசு

என் கொழுந்தன் பேயாண்டி கொடைக்கானலில் ஒரு துரை பங்களாவில் தோட்டக்காரனாக இருந்தவன். அவன் பெண்டாட்டி சோலையம்மாள் அதே பங்களா அடுப்படியில் பாத்திரம் கழுவினாள். எழுபத்தெட்டில் துரை குடும்பம் சீமைக்குத் திரும்பியதும், இரண்டு பேரும் சோழவந்தான் பக்கம் எங்கள் ஊருக்கே வந்துவிட்டார்கள். மலையிலிருந்து இறங்குகிறவர்கள் கம்பளி, கண்ணாடிக் கிளாஸ் என்று எதையாவது கொண்டு வருவார்கள். இவன் ஒரு மருந்துக் குப்பியில் விதை கொண்டு வந்தான்.

குட்டிக்கோசு விதை. முட்டைக்கோசு என்றால் செடி உச்சியில் ஒற்றைத் தலையாக உட்காரும். இது அப்படி இல்லை. தண்டு நெடுக, ஒவ்வொரு இலையின் கக்கத்திலும் எலுமிச்சங்காய் அளவில் ஒன்று உருளும். அதற்குப் பனி வேண்டும். வெயிலில் வேகிற மதுரைச் சீமையில் அதை நட்டவன் என் கொழுந்தன் ஒருவன்தான். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல், கிணற்று வாய்க்கால் ஓரம் அகத்தி நிழலாகப் பார்த்துப் புரட்டாசியில் விதைத்தான். முதல் வருஷம் இலை தவிர ஒன்றும் வரவில்லை. மாடு தின்றது.

மறு வருஷம் நாற்று வேர் பிடிக்கிற நேரத்தில் சோலைக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள், கேட்டதைச் செய்து கொடுங்கள் என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியாது? பேயாண்டிக்குத்தான் தெரியவில்லை. வேலைக்குப் போகாமல் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து, என்ன தின்கிறாய், என்ன தின்கிறாய் என்று அவளைப் பிய்த்து எடுத்தான். வலியில் அவள் முகம் சுளித்தால் இவன் தலையில் அடித்துக்கொண்டு அழுவான். எனக்கு அவனை நாலு அறை விடலாம் போல இருக்கும்.

ஒரு நாள் அவள், "அந்தக் குட்டிக்கோசு இருந்தாத் திம்பேன்" என்றாள்.

அவ்வளவுதான், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். மதுரை மார்க்கெட்டில் தேடினான். கொடைக்கானலுக்கு ஆள் விட்டுக் கேட்டான். துரைமார் போனபின் அதை யார் போடுகிறார்கள் என்று பதில் வந்தது. மிச்சம் இருந்தது அவன் செடிகள்தான். அன்றிலிருந்து பகலெல்லாம் தோட்டத்தில் கிடந்தான். தண்ணீர் பாய்ச்சினான், புழு பொறுக்கினான், வெயில் ஏறினால் ஓலை மறைப்புக் கட்டினான்.

அவன் இல்லாத நேரம் நான்தான் சோலைக்குத் துணை. தலை சீவிவிடும்போது கேட்டேன். "அம்புட்டு ருசியாவா இருக்கும் அது?"

"கசக்கும்க்கா. பங்களாவுல மிச்சம் விழுந்தத வாயில வச்சாலே எனக்குக் கொமட்டும்."

"அப்பறம் ஏண்டி கேட்ட?"

"என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்காரு. வாய்விட்டுக் கத்தக்கூட முடியல. அவருக்கும் ஒரு வேல இருக்கட்டும்னு சொன்னேன். நீ சொல்லிறாதக்கா."

"சரி, உனக்கு என்னதான் வேணும்?"

"உன் கையால நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு. நாக்குல தடவுனாப் போதும்."

வைத்துக் கொடுத்தேன். விரலால் தொட்டு நக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அதன்பின் வலி வந்ததும் கத்தினாள். அவன் தோட்டத்தில் இருக்கும்வரை நன்றாகக் கத்துவாள். வாசலில் அவன் இருமல் கேட்டால் முந்தானையை வாயில் திணித்துக்கொள்வாள்.

தை பிறந்ததும் இலைக் கக்கத்தில் சுண்டைக்காய் அளவில் மொட்டுகள் வந்தன. அவன் ஓடி வந்து சொன்னான். "பனி இருக்கும்போதே முத்திரும் சோலை. பொறுத்துக்க." அவள் சிரித்தாள். நான் அது முத்தவே கூடாது என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன். முத்திவிட்டால் அவன் மறுபடி கட்டிலடிக்கு வந்துவிடுவானே.

என் வீட்டுக்காரர் விருமாண்டி வேடசந்தூர்ப் பக்கம் புகையிலைக் காட்டில் வேலை செய்தவர். எப்போதாவதுதான் ஊருக்கு வருவார். புகையிலையில் இலைக் கக்கத்தில் வெடிக்கிற தளிருக்குச் சிம்பு என்று பெயர். அதை ஒடித்துப் போட்டால்தான் இலை கனக்கும். வருஷக்கணக்காகச் சிம்பு ஒடித்த கை அவருடையது. கோசு என்றால் அவருக்கு முட்டைக்கோசு மட்டும்தான்.

மாசிப் பச்சைக்குக் குலசாமி கும்பிட வந்தவர், தம்பி வலி மாத்திரை வாங்க மதுரைக்குப் போயிருக்கிறான் என்று தெரிந்து, அவனுக்காகத் தண்ணீர் பாய்ச்சப் போனார். தம்பி திரும்பியபோது வாசலிலேயே நின்று பெருமையாகச் சொன்னார்.

"என்னடா தம்பி வெள்ளாம பாக்குற? இம்புட்டுச் சிம்பு விட்டா எப்படித் தல கட்டும்? எல்லாத்தையும் ஒடிச்சு ஆட்டுக்குப் போட்டுட்டேன். இனிப் பாரு, கோசு எப்படி வருதுன்னு."

பேயாண்டி கத்தவில்லை. கை ஓங்கவுமில்லை. தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தான். மொட்டைத் தண்டுகள் நின்றன. திரும்பி வந்து காலைக் கழுவிக்கொண்டு, "அண்ணே, அதுதாண்ணே காயி" என்று மட்டும் சொன்னான். உள்ளே போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தான்.

சோலை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அதற்கப்புறம் அவன் எழுந்திருக்கவே இல்லை. செய்ய என்ன வேலை இருந்தது? தண்ணீர் பாய்ச்சலையா என்று அவளே கேட்டுப் பார்த்தாள். "இனி எதுக்குடி" என்றான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு முனகல் விடவில்லை. மாசி முடிவதற்குள் செத்தாள். குளிப்பாட்டும்போது முந்தானையை அவள் பல்லிடுக்கிலிருந்து நான்தான் இழுத்து எடுத்தேன். துணி கிழிந்திருந்தது. என் வீட்டுக்காரர் வாய்க்கால் வரப்பில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

படையல் போடுகிற நாளில், செத்தவளுக்குப் பிடித்ததை இலையில் வைக்க வேண்டும். ஓலை மறைப்புக்குள் என் வீட்டுக்காரர் கண்ணுக்கும், அன்று பேயாண்டி கண்ணுக்கும் தப்பிய ஒரு செடியில் கொஞ்சம் காய் கிடந்தது. பேயாண்டியே பறித்து வந்தான். யாரையும் அடுப்புப் பக்கம் விடவில்லை. பங்களாவில் பார்த்த மாதிரியே காயின் அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, உப்புத் தண்ணீரில் வேகவைத்து, வெண்ணெயில் புரட்டி மிளகுத்தூள் தூவினான். வீடெல்லாம் அந்த வாடை அடித்தது. தலைவாழை இலையின் நடுவில் கொண்டுபோய் வைத்தான்.

நான் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தேன்.

"இது எதுக்கு மதினி?" என்றான். "அவ கடைசியா ஆசப்பட்டுக் கேட்டது இது ஒண்ணுதான். குப்பியில வெத இருக்கு. வருசா வருசம் போட்டு அவளுக்கு இதத்தான் வைப்பேன்."

சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.