இரண்டு விரலும் ஒரு டிக்கெட்டும்

“ஒரே ஒரு டிக்கெட்டா? அப்ப நீங்க வரல, அப்படித்தானே?”

“அடக் கடவுளே, நான் எப்ப வரலைன்னு சொன்னேன்?”

“வாயால வேற சொல்லணுமாக்கும்! அதான் கையில பிடிச்சிருக்கீங்களே. பெத்த பொண்ணு ஆஸ்பத்திரியில கிடக்கா. இன்னிக்குமா உங்க வீம்பு?”

ரயில் நிலையத்து டிக்கெட் வரிசையில் எனக்கு முன்னால் நடந்த சண்டை இது. இந்த ஊரில் தமிழ் பேசுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். யாருக்கும் புரியப் போவதில்லை என்ற தைரியத்தில் இருவரும் சத்தமாகவே பேசினார்கள். எனக்குப் புரிந்தது. ஆனால் புருஷன் பொண்டாட்டி சண்டையில் மூன்றாவது ஆள் மூக்கை நுழைத்தால் மூக்குதான் உடையும். எனவே கைபேசியை நோண்டிக்கொண்டு நின்றேன். காது மட்டும் அங்கேயே இருந்தது.

அவருக்கு சோபா தைக்கிற வேலை போலிருக்கிறது. சட்டையெல்லாம் பஞ்சும் நூலும். சட்டைக் காலரில் ஒரு வளைந்த ஊசி குத்தியபடி இருந்தது, வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்தவர். அந்த அம்மா அதுவரை எதிர் பெஞ்சில் பைகளை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். டிக்கெட்டைப் பார்த்ததும்தான் எழுந்து வந்தார்.

கேட்டதை வைத்து நான் புரிந்துகொண்டது இவ்வளவு. மகள் வேறொரு ஊரில் இருக்கிறாள். தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறதாம், சாயங்காலம் ஆபரேஷன். மகள் தனக்குப் பிடித்த பையனைக் கட்டிக்கொண்டதிலிருந்து அப்பாவுக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. காலையில் போன் வந்ததும், “நானும் வரேன்” என்று அவராகச் சொல்லியிருக்கிறார். அதை நம்பித்தான் அந்த அம்மா கிளம்பி வந்திருக்கிறார். வழியில் ஒரு சந்திப்பில் இறங்கி வேறு ரயில் மாற வேண்டும். அந்த அம்மாவுக்கு இந்த ஊர் எழுத்து ஒன்று கூடத் தெரியாது.

“சத்தியமா ரெண்டு பேருன்னுதான் சொன்னேன்டி.”

“எந்த பாஷையில சொன்னீங்க?”

“அந்தப் பொண்ணே ரெண்டு விரலைக் காட்டிக் கேட்டுச்சு. சரின்னேன்.”

“ரெண்டுன்னு கேட்டா ரெண்டு குடுப்பாங்களா, ஒண்ணு குடுப்பாங்களா? என்னை என்ன கூமுட்டைன்னு நினைச்சீங்களா? பரவாயில்ல விடுங்க. நான் எப்படியோ வழி கேட்டுப் போய்க்கிறேன். நீங்க போய் உங்க சோபாவைக் கட்டிக்கிட்டு அழுங்க.”

அவர் சொன்னது பொய்யில்லை. கவுண்டர் பெண் இரண்டு விரலை நீட்டி, அவரையும் பெஞ்சையும் காட்டிக் கேட்டதை நானே பார்த்தேன். அவர் தலையாட்டியதையும் பார்த்தேன். பிறகு ஏன் ஒரு டிக்கெட்? அந்த அம்மா பையைத் தூக்கிக்கொண்டு நடைமேடைப் பக்கம் திரும்பியதும் எனக்குப் பொறுக்கவில்லை. மூக்கு உடைந்தாலும் உடையட்டும் என்று கவுண்டரில் குனிந்து, எனக்குத் தெரிந்த அளவு இந்த ஊர் பாஷையில், “இவருக்கு ஏன் டிக்கெட் தரவில்லை?” என்று கேட்டேன்.

கவுண்டர் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது.

“அவர்தான் போகவில்லை என்றாரே! ஒரு தடவைக்கு மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் இல்லை, இல்லை என்றுதான் தலையை ஆட்டினார். மனைவி அங்கே அழுகிறார், இவர் இப்படி. பாவமே என்று அந்த அம்மாவுக்குப் பெண்கள் பெட்டியில் ஜன்னல் ஓரமாகப் போட்டுக் கொடுத்தேன்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாம் சரி என்பதற்குத் தலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாகச் சாய்த்து ஆட்டுவோம் இல்லையா? இந்த ஊர்க்காரர்கள் கண்ணுக்கு அது அப்பட்டமான ‘மாட்டேன்’. இங்கே சரி என்றால் மேலும் கீழும்தான் ஆட்ட வேண்டும். நான் இங்கே ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கற்றுக்கொண்ட முதல் பாடமே அதுதான். ‘அம்மா கோழி கொத்துற மாதிரி தலையாட்டுறாங்க’ என்று வீட்டில் பிள்ளைகள் இன்றைக்கும் கேலி செய்கிறார்கள். இருந்தாலும் அவர் ஆட்டியதைப் பார்த்தபோது என் கண்ணுக்கு அது ‘சரி’யாகத்தான் தெரிந்தது. ஊறிப்போன பழக்கம், லேசில் போகுமா?

“அம்மா, போகாதீங்க! நில்லுங்க!” என்று கத்தினேன்.

தமிழைக் கேட்டதும் அந்த அம்மா அப்படியே நின்றார். அவர் முகத்தில் முதலில் வந்தது வெட்கம். இவ்வளவு நேரமும் நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று தெரிந்துவிட்டதே.

“உங்க வீட்டுக்காரர் வரேன்னுதாம்மா சொன்னார். அவர் தலையாட்டினது இவங்களுக்கு மாட்டேன்னு பட்டிருக்கு” என்று விளக்கிச் சொன்னேன்.

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

“நெசமாவே கேட்டீங்களா?”

“கேக்காம? காலையில இருந்து எனக்கு மட்டும் சோறு இறங்குதா? அவளைப் பாத்து என்ன பேசுறதுன்னுதான் தெரியலையே தவிர, வரமாட்டேன்னு நினைக்கக்கூட இல்ல.”

 அந்த அம்மா அவர் காலரில் இருந்த ஊசியைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டார். “குழந்தையைத் தூக்கும்போது குத்தப் போகுது” என்றார்.

கவுண்டர் பெண் நெற்றியில் அடித்துக்கொண்டாள். ரயில் வர அதிக நேரம் இல்லை, பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அவள் திரையில் தேடிப் பார்த்து, பெண்கள் பெட்டியில் இவருக்கு இடம் கிடையாது, கடைசிப் பெட்டியில் ஒரு இடம் இருக்கிறது, தனித்தனியாகப் போக முடியுமா என்று அவரையே நேராகக் கேட்டாள். நான் தமிழில் சொன்னேன். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? மறுபடியும் இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும்!

“ஐயோ அண்ணே, தலையை ஆட்டாதீங்க! வாயைத் திறந்து சொல்லுங்க!”

இந்த ஊரில் ‘ஆமாம்’ என்பதற்கு உள்ள சொல்லைச் சொல்லிக் கொடுத்தேன். அவர் அதை, கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கத்து கத்தினார். முணுமுணுத்தவர்கள் கூடச் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

டிக்கெட் வந்தது. சந்திப்பில் இறங்கியதும் அவர் ஓடி வந்து பெண்கள் பெட்டி வாசலில் நிற்க வேண்டும் என்று பேசி வைத்துக்கொண்டார்கள். “நீங்க வரலைன்னா நான் இறங்கவே மாட்டேன்” என்று அந்த அம்மா சொல்ல, “இறங்குற வரைக்கும் வாயை மூடிட்டு வா தாயே” என்றார் அவர். இந்தத் தடவை சண்டை மாதிரி இல்லை. ரயில் கிளம்புகிற வரை நின்று பார்த்தேன், இரண்டு பேரும் ஏறிவிட்டார்கள். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. என் சொந்த டிக்கெட்டுக்கு மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றேன், அது பெரிய விஷயமில்லை.

ஆனால் அந்த அவசரத்தில் போன் நம்பர் வாங்காமல் விட்டுவிட்டேன். சோபா தைக்கிறவர், மகளுக்குத் தலைப்பிரசவம், அம்மா அப்பா தனித்தனிப் பெட்டியில் வந்து சேர்ந்தார்கள். இப்படி ஒரு குடும்பத்தை உங்களில் யாருக்காவது தெரியுமா? தெரிந்தால் தாயும் பிள்ளையும் எப்படி இருக்கிறார்கள், அப்பா மகளிடம் பேசினாரா என்று தயவுசெய்து கீழே எழுதுங்கள்.