முதலாளியின் வாயும் மெக்கானிக்கின் வாயும்

சாட்சி சொல்லச் சம்மன் வந்த நாளிலிருந்து ஸ்பானருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுத்துத் தரும் லாண்டரியில் பதினெட்டு வருஷமாக அவர்தான் மெக்கானிக். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் எல்லோருக்கும் அவர் ஸ்பானர்தான்.

துணி பிழியும் இயந்திரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அங்கே வேலை பார்த்த ஒரு பெண் மூடியைத் திறந்து கையை விட்டாள். ஈரத்துணி கையைச் சுற்றி இழுத்துவிட்டது. முழங்கைக்குக் கீழே இப்போது ஒன்றுமில்லை. மூடி திறந்தால் இயந்திரம் தானாக நிற்க வேண்டும். அதற்கான சுவிட்ச் வேலை செய்யாதபடி ஒயர்களை யாரோ சேர்த்து முறுக்கியிருந்தார்கள். யார் சொல்லிச் செய்தது என்பதுதான் வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவர் முதலாளி.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் முதலாளியே ஸ்பானரின் வீடு தேடி வந்தார்.

"என்னை வாயே திறக்க வேணாம்னுட்டாரு வக்கீல். எனக்கு எதிரா நானே சாட்சி சொல்லணும்னு யாரும் கட்டாயப்படுத்த முடியாதாம். நீயும் கம்முனு இருந்துடு, ஸ்பானர். தெரியாதுன்னு ஒரு வார்த்தை போதும்."

அவர் போனதும் மனைவி கேட்டாள்: "உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

ஸ்பானர், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்ற ஆரம்பித்தார்.

மறுநாள் கோர்ட்டு வராந்தாவில் மூன்று தரம் தண்ணீர் குடித்தார். கூண்டில் ஏறியதும், ஒயரைச் சேர்க்கச் சொன்னது யார் என்று அரசு வக்கீல் கேட்டார். உடனே முதலாளியின் வக்கீல் எழுந்தார்.

"இவர் கம்பெனி ஆளு. இவர் வாயால வர்றது என் கட்சிக்காரர் வாயால வர்ற மாதிரி. இவரைக் கட்டாயப்படுத்துறது அவரையே கட்டாயப்படுத்துறதுதான்."

நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "பேசாம இருக்கற உரிமை உங்க கட்சிக்காரர் வாய்க்குத்தான். சம்பளம் குடுக்கறதால அடுத்தவங்க வாய் அவரோடதாயிடாது. சாட்சி பதில் சொல்லணும்."

"அம்மா, சொன்னா நானும் மாட்டிக்குவேனே?"

"கட்டாயத்தில நீங்க சொல்ற பதிலை வெச்சு உங்கமேல வழக்குப் போட முடியாது. பொய் சொன்னா போடலாம்."

ஸ்பானர் சொன்னார்: "மூடியைத் திறக்கறப்பல்லாம் மெஷின் நின்னா வேலை எப்ப முடியறதுன்னு கேட்டாரு முதலாளி. ஒயரைச் சேர்த்துடுன்னாரு. முதல் தடவை வேணாம்னு சொன்னேன். ரெண்டாவது தடவை சொல்லலை. சேர்த்தது நான்தான்."

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். வக்கீல் அவர் முழங்கையைத் தொட, மூடிக்கொண்டார்.

வெளியே படிக்கட்டில் அந்தப் பெண் நின்றிருந்தாள். "வெளியாள் யாரோ பண்ணதுன்னு நெனச்சிட்டிருந்தேன். நீங்களாண்ணே?"

"ஆமாம்மா."

அவள் அக்குளில் இடுக்கியிருந்த ஃபைல் நழுவியது. பிடிக்கக் கை நீட்டினார். "வேணாம்," என்று தானே இறுக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

முதலாளிக்குத் தண்டனை கிடைத்தது. மறுநாள் ஸ்பானர் அவள் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தவன் அவள் கணவன்.

"நீங்க சொல்லலைன்னா அந்தாளு தப்பிச்சிருப்பான். எனக்குத் தெரியும். ஆனா உள்ள வாங்கன்னு சொல்ல மனசு வரலை."

ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டு உள்ளே போனான். ஸ்பானர் அதில் உட்காரவும் இல்லை, கிளம்பவும் இல்லை.